பொங்கலுக்கு அடித்த பெயின்ட் ஏன் பங்குனியில் உதிர்கிறது?

வேலூரில் பாகாயம், தொரப்பாடி, ஓட்டேரிப் பக்கம் சொந்த வீட்டில் குடியிருப்பவர்களுக்கு இது பழகிப்போன சங்கதி. ஐப்பசி, கார்த்திகையில் மழை கொட்டும்போது சுவரில் ஓதம் ஏறிக் கருத்துக் கிடக்கும். ஆனால் ஒன்றும் உதிராது. மார்கழிக் கடைசியில் மழை ஓய்ந்ததும் பட்டி பார்த்து, இரண்டு கோட் பெயின்ட் அடித்து, பொங்கலுக்கு வீடு பளிச்சென்று ஆகிவிடும். பிறகு வெயில் ஏறும். பங்குனியில் சுவரைத் தொட்டுப் பார்த்தால் கைக்கு நன்றாகக் காய்ந்திருக்கும். அந்த நேரத்தில்தான் தரையிலிருந்து இரண்டடி, மூன்றடி உயரத்துக்குள் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக எழும்பத் தொடங்கும். விரலால் அழுத்தினால் கொப்புளம் உடைந்து வெள்ளைத் தூள் கொட்டும். அதோடு பூச்சு மணலும் பொலபொலவென்று விழும்.

ஈரம்தான் சுவரைக் கெடுக்கிறது என்றால், ஈரம் மிகுந்திருந்த கார்த்திகையில் அல்லவா கெட்டிருக்க வேண்டும்? காய்ந்த மாதத்தில் ஏன் கெடுகிறது?

பெயின்டரைக் கேட்டால் பூச்சு சரியில்லை என்பார். கொத்தனாரைக் கேட்டால் மணல் சரியில்லை என்பார். சில வீடுகளில் அதுவும் உண்மையாக இருக்கலாம். ஆனால் ஒரே தெருவில் வேறு வேறு ஆட்கள் வேலை செய்த வீடுகளிலும் ஏறக்குறைய ஒரே உயரத்தில், ஒரே பருவத்தில் சுவர் பொரிந்து போகிறது. ஆளுக்கு ஆள் மாறாத ஒன்று ஊரின் மண்ணிலும் நீரிலும் காற்றிலும் இருக்கிறது என்றுதான் இதிலிருந்து கொள்ள வேண்டும். அது உப்பு. சுவருக்குள் உப்பைச் சுமந்து வருவது மழைக்காலத்து ஈரம். அந்த உப்பைச் சுவரை உடைக்கும் பொருளாக மாற்றுவது கோடையின் காய்ச்சல். வீட்டுப் பராமரிப்பை எந்த மாதத்தில் எதைச் செய்வது என்று முறைப்படுத்த இந்த ஒரு விஷயம் புரிந்தால் போதும் என்பது என் எண்ணம்.

முதலில் நீர் எப்படி ஏறுகிறது என்று பார்ப்போம். 16ஆம் நூற்றாண்டில் எழுந்த வேலூர்க் கோட்டையின் மதில் அகழி நீரிலேயே நிற்கிறது. அதன் மேல் வரிசைகளுக்கு ஓதம் ஏறுவதில்லை. நம் வீட்டுச் சுவரோ வெறும் ஈர மண்ணின் மேல் நின்றே ஓதம் காக்கிறது. கோட்டை கருங்கல். கருங்கல்லின் கன அளவில் வெற்றிடம் பொதுவாக நூற்றில் ஒரு பங்குகூட இராது. செங்கல் அப்படி அல்ல. அதன் உடம்பு முழுக்க கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதம் வரை நீர் குடிக்கலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே அனுமதிக்கிறது. 3 கிலோ செங்கல் அரை லிட்டருக்கு மேல் நீரைத் தனக்குள் வைத்துக்கொள்ளும் என்று அர்த்தம்.

குறுகலான குழாயில் நீர் தானாகவே மேலே ஏறும். இதை நுண்குழாய் ஏற்றம் என்கிறோம். குழாயின் அகலம் பாதியானால் ஏறும் உயரம் இரு மடங்காகும் என்று 1718இல் ஆங்கிலேயரான ஜேம்ஸ் ஜூரின் அளந்து காட்டினார். செங்கல்லின் துளைகள் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு நுண்ணியவை. அந்தக் கணக்குப்படி பார்த்தால் நீர் பத்து மீட்டருக்கு மேல், அதாவது மூன்றாவது மாடி வரை, ஏறிவிட வேண்டும். எந்த வீட்டிலும் அப்படி ஏறுவதில்லை. மூன்று, மூன்றரை அடியோடு நின்றுவிடுகிறது. ஏன்?

விளக்குத் திரியைப் பாருங்கள். எண்ணெய் திரி வழியே ஏறுகிறது. நுனியில் எரிந்து தீர்கிறது. தீரத் தீர அடியிலிருந்து புதிய எண்ணெய் ஏறுகிறது. எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவும் நுனியில் தீர்ந்துவிடுவதால் அதற்கு மேல் எண்ணெய் போவதில்லை. எண்ணெயில் எரியாத கசடு ஏதாவது இருந்தால் அது எண்ணெயோடு சேர்ந்து ஏறி, நுனியில் கருக்காகத் தங்கிவிடுகிறது. கிண்ணத்தில் உள்ள எண்ணெய் முழுவதும் அந்த நுனி வழியாகவே போவதால், கிண்ணம் முழுவதிலும் கலந்திருந்த கசடு அந்த ஒரே இடத்தில் வந்து குவிகிறது.

சுவரும் ஒரு திரிதான். அடியில் ஈர மண். மேலே இரு பக்கமும் காற்று. எரிவதற்குப் பதில் நீர் ஆவியாகிறது. அடியிலிருந்து ஏறும் நீரும் பக்கவாட்டில் ஆவியாகும் நீரும் சமமாகும் உயரத்தில் ஓதம் நிற்கிறது. பிரிட்டனில் கட்டடப் பொருள்களின் ஈரத்தையே பல்லாண்டுகள் ஆராய்ந்த கிறிஸ்டோபர் ஹாலும் வில்லியம் ஹாஃபும் 2007இல் இந்தச் சமநிலையைக் கணக்கிட்டு எழுதினார்கள். சுவர் கனமாக இருந்தால் ஓதம் உயரமாக ஏறும். ஆவியாதல் வேகமாக இருந்தால் ஓதம் தாழ்வாகவே நிற்கும், ஆனால் சுவர் வழியே போகும் நீர் கூடும், அதோடு உப்பும் கூடும். வேலூர் போன்ற வெயில் ஊருக்கு இந்தக் கடைசிப் பகுதி அப்படியே பொருந்துகிறது. நம் ஊர்ச் சுவரில் ஓதக் கோடு தாழ்வாக இருக்கிறதே என்று நிம்மதி அடைய இடமில்லை.

கீழே மூன்றடிக்கு டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஓதம் தெரியாது என்று பலர் செய்கிறார்கள். ஒட்டிய ஓரிரு ஆண்டுகளில் டைல்ஸின் மேல் விளிம்புக்கு மேலே புதிதாக ஓதம் தெரியும். காரணம் இப்போது உங்களுக்கே விளங்கும். ஆவியாகும் பரப்பை மூடிவிட்டோம். நுனி மேலே நகர்ந்துவிட்டது.

இனி அந்தக் கசடைப் பார்ப்போம். நிலத்து நீரில் கரைந்த உப்புகள் பல: சமையல் உப்பான சோடியம் குளோரைடு, சோடியம் சல்பேட், கால்சியம், மெக்னீசிய உப்புகள். நீர் ஆவியாகும்போது இவை பின்தங்குகின்றன. சுவரின் வெளிப்பரப்பிலேயே நீர் ஆவியானால் உப்பு வெளியே வெண்பஞ்சுபோல் பூக்கிறது. இதைப் புறப்பூப்பு என்று சொல்லலாம். பார்க்க அசிங்கமாக இருக்கும், துடைப்பத்தால் தட்டினால் போய்விடும், சுவருக்குக் கேடு குறைவு. நீர் பரப்புவரை வந்து சேராமல் சில மில்லிமீட்டர் உள்ளேயே ஆவியானால் உப்பும் உள்ளேயே, துளைகளுக்குள் படிகமாகிறது. இதற்கு உட்பூப்பு என்று பெயர் வைப்போம். சுவரை உடைப்பது உட்பூப்புதான்.

ஒரு சின்ன உப்புப் படிகத்துக்குச் சுவரை உடைக்கும் வலு எங்கிருந்து வருகிறது? அதை நம்புவது எளிதல்ல. துளையின் சுவரைத் தொட்டதும் படிகம் வளர்வதை நிறுத்திவிடும், காலியான பக்கம் வளரும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். 1905இல் ஜார்ஜ் பெக்கர், ஆர்தர் டே என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டது படிகாரம், நம் சலூன்களில் முகச்சவரத்துக்குப் பிறகு தடவும் அதே படிகாரம். உப்பு தெவிட்டிய கரைசலில் ஒரு படிகாரப் படிகத்தை வைத்து, அதன் மேல் எடையை ஏற்றினார்கள். படிகம் எடையைச் சுற்றிக்கொண்டு வளரவில்லை. எடையைத் தூக்கிக்கொண்டு வளர்ந்தது. அழுத்தப்பட்ட பக்கத்திலும் படிகத்துக்கும் எடைக்கும் இடையே மிக மெல்லிய ஒரு நீர்ப்படலம் தங்குகிறது. அதன் வழியே கரைசல் உள்ளே புகுந்து, அந்தப் பக்கத்திலும் புதிய அடுக்கு படிகிறது என்பதே இன்றைய விளக்கம். அதே வேலையைச் சுவரின் துளைக்குள் கோடிக்கணக்கான படிகங்கள் ஒரே நேரத்தில் செய்கின்றன. பூச்சு நசுக்கும் விசையைத் தாங்கும், ஆனால் இழுக்கும் விசைக்குப் பலவீனமானது. உள்ளிருந்து தள்ளப்படும்போது அது சுலபமாக விண்டுபோகிறது.

இந்த வலுவைக் கட்டடக்காரர்கள் அதற்கும் முன்பே சோதனைக்குப் பயன்படுத்தி வந்தார்கள். பனியில் எந்தக் கல் வெடிக்கும், எது வெடிக்காது என்று குளிர்காலம்வரை காத்திராமல் அறிய, பிரார் என்ற பிரெஞ்சுக்காரர் கல்லைச் சோடியம் சல்பேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைக்கும் முறையைக் கண்டார். அது 1828இல் அச்சேறியது. இன்றும் ஜல்லியின் உறுதியைச் சோதிக்க நம் நாட்டு ஆய்வகங்களில் இதே உப்பிலும் ஊறவைத்து உலர்த்துகிறார்கள். சாலைக்குப் போடும் கருங்கல் ஜல்லியையே சோதிக்கும் அளவுக்கு வன்மையான உப்பு அது.

அதன் குணம் தனி. 32.4 டிகிரிக்கு மேல் அது நீரில்லாத படிகமாக இருக்கும். அதற்குக் கீழே, காற்றில் போதிய ஈரமும் இருந்தால், பத்து நீர் மூலக்கூறுகளைச் சேர்த்துக்கொண்டு வேறு படிகமாக மாறும். பருமன் மூன்று மடங்குக்கும் மேல் ஆகும். மாசி, பங்குனியில் வெயில் படும் சுவர் பகலில் அந்த வெப்பத்தைத் தாண்டும், விடியற்காலையில் கீழே இறங்கும். சமையல் உப்புக்கு எல்லை வெப்பத்தில் இல்லை, காற்றின் ஈரத்தில் இருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றிலிருந்தே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். குறைந்தால் மறுபடி படிகமாகும். கார்த்திகையில் அடுக்களை உப்பு ஜாடியில் தண்ணீர் விடுவது இதனால்தான். மழைக்காலம் முழுவதும் உப்பு பெரும்பாலும் கரைசலாகவே கிடக்கிறது, அதனால் கார்த்திகையில் சுவர் உதிர்வதில்லை. தை பிறந்த பிறகு, விடியலில் ஈரக்காற்று, மதியம் வறண்ட காற்று என்று உப்பு மாறி மாறிக் கரைந்தும் உறைந்தும் துளைகளை விரிக்கிறது. பெயின்ட் எழும்பும் காலம் அது.

பொங்கல் பெயின்டுக்கு வருகிறேன். ஓர் அங்குலக் கனமுள்ள ஈரச் சுவர் காய ஒரு மாதம் ஆகும் என்பது பிரிட்டிஷ் கட்டடக்காரர்களின் கைக்கணக்கு. நம் வெயிலுக்கு அதில் பாதி என்று வைத்துக்கொண்டாலும், கார்த்திகையில் நனைந்த 9 அங்குலச் சுவர் தை முதல் நாளில் உள்ளே காய்ந்திருக்க வழியே இல்லை. வெளித்தோல் மட்டும் உலர்ந்திருக்கும். அந்த நிலையில் பட்டியும் பிளாஸ்டிக் எமல்ஷனும் பூசினால், ஆவியாகும் நுனி பெயின்டுக்குப் பின்னால் போய்விடுகிறது. உப்பு அங்கேதான் படிகமாகும். எல்லா உப்பும் உட்பூப்பாக மாறுவதற்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு கிடையாது.

அப்படியானால் பொங்கலுக்கு வெள்ளையடித்த நம் முன்னோர் தவறு செய்தார்களா? அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. சுண்ணாம்புப் பூச்சு நீராவியைத் தடுக்காது. மழையில் ஏறிய ஈரம் அதன் வழியே வெளியேறும், உப்பு அதன் மேலேயே பூக்கும். அடுத்த பொங்கலுக்குப் பழைய பொருக்கைச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பார்கள். சுரண்டும்போது அந்த ஆண்டின் உப்பில் பெரும்பகுதி சுவரைவிட்டுப் போய்விடும். ஆண்டுதோறும் சுவரிலிருந்து உப்பை இறக்கும் ஒரு பராமரிப்பு முறையாகவே அது இருந்தது. நாம் தேதியை வைத்துக்கொண்டு பொருளை மாற்றிவிட்டோம். பிளாஸ்டிக் பெயின்ட்தான் வேண்டும் என்றால் தேதியையும் மாற்றி, சித்திரை கடந்து அடிக்க வேண்டும். பொங்கலுக்கே அடித்தாக வேண்டும் என்றால் கீழ் மூன்றரை அடிக்காவது சுண்ணாம்பு அடிப்பது நல்லது. எனக்கு இரண்டாவது வழியே பிடிக்கும்.

உப்பு மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. ஒரு பகுதியை வீடு கட்டும்போதே நாம் சுவருக்குள் ஊற்றிவிடுகிறோம். கலவை பிசைவது, செங்கல் ஊறப்போடுவது, பூச்சுக்கு வாரக்கணக்கில் தண்ணீர் காட்டுவது எல்லாம் போர் தண்ணீரில்தான். பாறை இடுக்குகளில் நெடுங்காலம் தங்கிய நீர் அது. எங்கும் கொஞ்சம் உப்பு இருக்கும். வேறு நீர் கிடைக்காத இடத்தில் குடிநீருக்கு அனுமதித்த உச்ச அளவே லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் கரைபொருள். அப்படிப்பட்ட நீர் ஆயிரம் லிட்டர் சுவரில் காய்ந்தால் 2 கிலோ உப்பு மிஞ்சும். 5,000 லிட்டர் டேங்கர் ஒன்றுக்கு 10 கிலோ.

தோல் பதனிடும் வட்டாரத்தில் இந்தக் கணக்கு இன்னும் கனக்கிறது. உரித்த தோல் அழுகாமல் இருக்க உப்பைத் தடவி அடுக்குகிறார்கள். தோலிலிருந்து நீரை இழுத்துக் கிருமிகளை முடக்குவதால் உப்பு அங்கே காப்பாற்றும் பொருள். தோல் ஷாப்பின் முதல் வேலை அந்த உப்பை ஊறவைத்துக் கழுவுவது. அடுத்தடுத்த தொட்டிகளில் கந்தக அமிலமும் குரோமியம் சல்பேட்டும் சேர்கின்றன. குளோரைடு, சல்பேட் என்று சுவருக்கு ஆகாத இரண்டுமே கழிவுநீரில் இருக்கின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை நெடுக அந்த நீர் பல பத்தாண்டுகள் நிலத்தில் இறங்கியது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, தோல் வட்டாரத்தில் ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுதாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு ஆகாமல் போனதைப் பதிவு செய்தது. பயிருக்கு ஆகாத நீர் சுவருக்கும் ஆகாது. அந்த நீரில் கட்டிய வீடுகளைப் பற்றி யாரும் பேசியதில்லை என்பது எனக்கு ஆற்றாமையாகவே இருக்கிறது. வீட்டுக்காரர் தன் கைக்காசைப் போட்டு ஆண்டுதோறும் பூசிக்கொண்டு அதைத் தன் விதி என்று எடுத்துக்கொள்கிறார்.

எனவே வீடு கட்டுகிறவர்களும் மாடி எடுக்கிறவர்களும் தண்ணீரைச் சோதிக்காமல் வேலையைத் தொடங்க வேண்டாம். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதிக்கலாம். ஐ.எஸ். 456 என்ற கான்கிரீட் தரநூல், கம்பி இல்லாத கான்கிரீட்டுக்கு லிட்டருக்கு 2,000 மில்லிகிராம் வரை குளோரைடை அனுமதிக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு 500தான். குளோரைடு கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும்; துரு இரும்பைவிடப் பன்மடங்கு இடம் கேட்கும்; சீலிங் பெயர்ந்து விழும். சல்பேட்டுக்கு எல்லை 400.

செங்கல்லை வீட்டிலேயே சோதிக்கலாம். ஒரு தட்டில் ஓர் அங்குல உயரம் மழைநீரோ ஆர்.ஓ. நீரோ ஊற்றி, செங்கல்லைச் செங்குத்தாக நிறுத்துங்கள். நீர் முழுவதும் வற்றியதும் அதே அளவு மறுபடி ஊற்றி வற்ற விடுங்கள். தர நிர்ணயத்தின் சோதனையும் இதேதான். வெள்ளைப் படிவு பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் குறைவு. பாதிவரை இருந்தால் நடுத்தரம். அதைத் தாண்டினால் அந்தச் சூளையின் கல் வேண்டாம்.

ஏற்கெனவே கட்டிய வீட்டுக்கு வருவோம். மருந்துக்கு முன் நோய் எது என்று தெரிய வேண்டும். தரையை ஒட்டித் தொடங்கி மூன்றரை அடிக்குள் கிடைமட்டக் கோடாக நின்றால் ஏறும் ஓதம். சுவரின் நடுவே திட்டாக இருந்தால் மறுபக்கம் குளியலறையோ குழாயோ இருக்கிறதா என்று பாருங்கள். சீலிங்கிலிருந்து இறங்கினால் மாடி. சந்தேகமாக இருந்தால் ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் பின்புறம் முத்து முத்தாக நீர் கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது; முன்புறம் கோத்தால் அறைக் காற்றின் ஈரம், ஜன்னலைத் திறந்து வைத்தாலே போதும்.

சித்திரை, வைகாசி மாடிக்கு உரிய காலம். கத்திரி வெயிலில் மொட்டை மாடிக் கான்கிரீட் பகலுக்கும் இரவுக்கும் இடையே 25 டிகிரி ஏறி இறங்கினால், 10 மீட்டர் நீளத் தளம் இரண்டரை மில்லிமீட்டர் நீண்டு சுருங்கும். அடியில் உள்ள செங்கல் சுவர் அவ்வளவு நீளாது. தளம் சுவரின் மேல் தேய்ந்து நகர்வதால் சீலிங்குக்குச் சற்றுக் கீழே கிடைமட்டமாக ஒரு விரிசல் விழும். அஸ்திவாரம் இறங்கிவிட்டது என்று பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதில் சிமென்ட் வைத்து அடைத்தால் மறு கோடையில் திறந்துகொள்ளும். இழுபடும் பசையால்தான் அடைக்க வேண்டும். மாடித் தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் மூலை, தட்டோட்டின் இணைப்புகள், மழைநீர்க் குழாயின் வாய் ஆகிய மூன்றையும் வைகாசிக்குள் பார்த்துவிடுங்கள். மாடியில் சுண்ணாம்பு அடித்தால் வெயில் திரும்பிப் போகும். தளத்தின் ஏற்ற இறக்கமும் குறையும்.

புரட்டாசியில் சுவரைச் சுற்றி வாருங்கள். வீட்டோரத்தில் குவிந்த மண், செங்கல் துண்டு, பூந்தொட்டி வரிசை எல்லாவற்றையும் எடுங்கள். மண் அடித்தளத்தின் பெல்ட்டுக்கு மேலே ஏறிவிட்டால், ஓதம் தடுக்கப் போட்ட அந்த அடுக்கைத் தாண்டி நீர் சுவருக்குள் போக வழி கிடைத்துவிடும். தெருவை மேலே மேலே உயர்த்திப் போட்டதால் பல வீடுகளுக்கு இது நேர்ந்திருக்கிறது.

பழைய மண் சுவர், மண் சாந்துச் சுவர் உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 2021 நவம்பர் 19 அதிகாலையில், கனமழையின்போது, பேரணாம்பட்டில் ஒரு வீட்டின் சுவர் இடிந்து குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தார்கள். மண் துகள்களை ஒன்றோடொன்று இறுக்கிப் பிடிப்பதும் துளைகளில் உள்ள கொஞ்ச நீர்தான். துளைகள் பாதி நிரம்பியிருக்கும்வரை அந்த நீர் துகள்களை இழுத்துப் பிடிக்கும். முழுக்க நிரம்பியதும் இழுப்பு அற்றுப்போய், முந்தின நாள்வரை உறுதியாக நின்ற சுவர் சேறாகிவிடும். சுவர் புடைத்திருந்தாலோ, சாய்வான விரிசல் மழையில் அகன்றாலோ, அந்த அறையில் அன்றிரவு யாரும் படுக்கக் கூடாது. பென்சிலால் விரிசலின் இரு முனையிலும் கோடிட்டுத் தேதி எழுதி வைத்தால் அது நகர்கிறதா என்று தெரிந்துவிடும்.

மழை நின்ற பிறகு உப்பு பூத்தால் தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். கரைந்த உப்பு அப்படியே துளைக்குள் திரும்பும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, முறத்தில் அள்ளி, வீட்டுக்கு வெளியே கொட்டுங்கள்.

பல ஆண்டு உப்பு உள்ளே தங்கிவிட்ட சுவருக்கு இந்தியத் தொல்லியல் துறையின் வேதியியலாளர்கள் கோயில் கற்களில் செய்வதையே வீட்டிலும் செய்யலாம். முதலில் நீர் வரும் வழியை அடைத்துவிட வேண்டும். அடைக்காமல் செய்தால் இந்த வேலைக்கு முடிவே இராது. மாசியில் பெயின்டையும் உதிரும் பூச்சையும் சுரண்டுங்கள். மை படாத வெள்ளைத் தாளைக் கிழித்து ஆர்.ஓ. நீரில் ஊறவைத்துக் கூழாகப் பிசைந்து, அரை அங்குலக் கனத்துக்குச் சுவரில் அப்புங்கள். கூழின் நீர் சுவருக்குள் போய் உப்பைக் கரைக்கும். பிறகு கூழ் காயக் காய, கரைசல் வெளியே வரும். இப்போது நீர் ஆவியாகும் இடம் சுவருக்குள் இல்லை, காகிதத்தில் இருக்கிறது. திரியின் நுனியைச் சுவரிலிருந்து வெளியே இழுத்துவிட்டோம். உட்பூப்பாக வேண்டிய உப்பு காகிதத்தில் பூக்கும். ஒன்றிரண்டு வாரத்தில் கூழ் காய்ந்து தகடாகப் பெயர்ந்து வரும்.

அந்தத் தகட்டில் 10 கிராம் நிறுத்து, ஒரு டம்ளர் ஆர்.ஓ. நீரில் போட்டுக் கலக்கி, ஒரு மணி நேரம் கழித்து டி.டி.எஸ். பேனாவால் அளந்து, கூழ் போட்ட தேதியோடு எழுதி வையுங்கள். மறுபடி கூழ் அப்புங்கள். அதே எடை, அதே டம்ளர், அதே அளவு நீர். ஒவ்வொரு முறையும் எண் இறங்கும். இரண்டு முறை அடுத்தடுத்து எண் இறங்காமல் நின்றால், அதற்கு மேல் இந்த வழியில் உப்பு வராது என்று கொள்ளலாம். அதன்பின் கொத்தனாரைக் கூப்பிட்டு, சோதித்த நீரில் சுண்ணாம்பு கலந்த பூச்சு வைக்கச் சொல்லுங்கள்.